கண்காணிப்பும் கண்ணோட்டமும்

எங்கள் சந்தைப் பட்டினத்துக் கடைத்தெருவில் இரவு ஏழு மணிக்குப் பின்னர் நடந்து செல்வோர், கையிலே தடியும் மின்சூளும் தாங்கிய இளைஞர் நால்வரையோ ஐவரையோ இந்நாளிற் காண்பர். அவர் பொலிசார் அல்லர். கூலிக்கு அமர்ந்த காவலாளரும் அல்லர். கடைக்காரரின் பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளுமே அவர். 2022ஆம் ஆண்டு பங்குனித் திங்களில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்ட காலத்தே, பூட்டுடைப்புக்கு அஞ்சி முறைவைத்துத் தெருக்காக்கத் தொடங்கினர். மின்சாரம் மீண்டது, காவல் நின்றுவிடவில்லை. இன்று அதற்கு ஒரு செயற்குழுவும் சந்தாப் புத்தகமும் பன்னிரண்டு கமராக்களும் உள. நடைபாதையிலிருந்து விற்போரை அகற்றல் வேண்டும் என்னும் தீர்மானம் ஒன்றும் ஆயத்தமாய் இருக்கின்றது.

அத்தீர்மானத்தை ஆராயக் கூடிய கூட்டத்துக்கு என்னைத் தலைமை தாங்குமாறு அழைத்தனர். தமிழ்ப் பண்டிதன் ஒருவனைக் காவற் கூட்டத்துக்கு ஏன் அழைத்தனர் என்று வியந்தேன். எப்பக்கமும் சாராதவன் என்று கருதினர் போலும். அன்றிக் களவெடுக்கத் தக்க பொருள் யாதும் இல்லாதவன் என்று கருதினரோ, அறியேன்.

தலைமையுரைக்கு வழக்கம்போலச் சிலப்பதிகாரத்தையே துணைக்கொண்டேன். புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்திலே, வணிகர் தம் பெயரும் பொருளின் அளவும் பொறித்த பொதிகள் வாயிலும் தாழும் காவலும் இன்றிக் கிடந்தன என்று இளங்கோவடிகள் பாடுகின்றார். எவனேனும் திருடினால் அப்பொதியைச் சுமந்து கழுத்துக் கடுக்க அலைவான். கொண்டு செல்ல மாட்டான். இதனைத் தெய்வச் செயல் என்றே படித்தும் படிப்பித்தும் வந்திருக்கின்றோம். எனக்கு வேறொன்றும் தோன்றுவதுண்டு. பொதியின்மேற் பெயர் இருக்கின்றது. அப்பெயரை அறிந்தோர் தெருவெங்கும் இருக்கின்றனர். இன்னாருடைய பொருளை இன்னார் சுமந்து செல்கின்றார் என்பது ஊரார் கண்ணுக்குப் புலப்படுமாயின், அப்பொருள் திருடனுக்குப் பாரமாவதற்குப் பூதம் வேண்டியதில்லை. அறிமுகமே அங்குக் காவல்.

அவையோர் கைதட்டினர். ஆயின் யான் சொல்ல வேண்டியிருந்த ஒன்றை அன்று சொல்லாது விட்டேன். தலைமைப் பீடம் சிலவேளைகளில் நாவைக் கட்டிவிடுகின்றது. இக்கட்டுரை அந்த விடுபாட்டை நிரப்புதற்பொருட்டு எழுதப்படுவது.

கூட்டத்துக்கு இரு வாரங்களின் முன்னர் நடந்தது இது. என்னிடம் தமிழ் கற்கும் மாணவன் ஒருவன், சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவன், மாலை வகுப்பு முடிந்து ஏழரை மணியளவில் வெளியே வந்தான். சைக்கிளின் திறப்பு தொலைந்துபோயிருந்தது. கல்லொன்றை எடுத்துத் தன் சைக்கிளின் பூட்டைத் தானே தட்டிக்கொண்டிருந்தான். காவல் இளைஞர் வந்து சூழ்ந்தனர். "ஆற்றை சைக்கிளடா?" என்று ஒருவன் கேட்டான். அம்மாணவனோ பேச்சிலே தடக்கம் உடையவன். "என்ரை" என்று சொல்லத் தொடங்கி முதலெழுத்திலேயே நின்றுவிட்டான். வகுப்பிலே அவன் ஒரு சொல்லை முடிக்கும் வரையில் நாங்கள் காத்திருப்போம்; தெருவிலே காத்திருப்பார் யார்? தாமதத்தைக் குற்றத்தின் அடையாளம் என்று கொண்டனர். இரண்டு அறை, பின்பு மின்கம்பத்தோடு சேர்த்துக் கயிற்றினாற் கட்டு, பின்பு கைத்தொலைபேசியிற் படம். அப்படம் அவனுக்கு முன்னரே ஊர் போய்ச் சேர்ந்தது.

எதிர்ப்புறத்து நடைபாதையில் வெற்றிலை விற்கும் ஆச்சி ஒருவர் கடையைக் கட்டி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தவர், திரும்பி வந்து கண்டதும் சத்தமிட்டார்: "உது உந்தப் பெடியன்ரை சைக்கிள்தான். ஒவ்வொரு நாளும் இதிலைதானே விட்டிட்டுப் போறவன்!" கட்டவிழ்த்தனர். "அதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றனர்.

அகற்றப்பட வேண்டியோரின் பட்டியலிலே அந்த ஆச்சியும் அடங்குவர் என்பதை வாசகர் ஊகித்திருப்பர்.

வணிகரைக் கொடியோர் என்று காட்டுதல் என் நோக்கமன்று. அவர் தாமே காவல் பூண்டதற்குத் தக்க காரணங்கள் உள. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி எத்தனையோ குடும்பங்களை வறுமையில் ஆழ்த்தியது. களவும் போதைப் பழக்கமும் பற்றிய அச்சம் எங்கும் இருக்கின்றது. பொலிஸ் நிலையத்துக்குச் சென்றாலோ முறைப்பாட்டை ஏற்கும் உத்தியோகத்தர் பல இடங்களிலே தமிழ் அறியாதவர். தாம் வாசிக்க இயலாத வாக்குமூலத்திற் கையொப்பம் வைத்துத் திரும்பியோர் எத்துணையர்! 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழியின் நிலையை விரித்துரைத்தது. சட்டப் புத்தகத்திலிருந்து மேசைக்கு வருதற்கு மொழிக்கு இத்துணை ஆண்டுகள் வேண்டுமோ?

இதனினும் ஆழமான வடு ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டு மே முப்பத்தோராந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணத்திலே நூலகமும் சந்தைக் கடைகளும் எரிந்தபோது, எரித்தவருள் காவற்றுறையினரே இருந்தனர். 1983 ஆடியிற் கொழும்பிலே தமிழருடைய கடைகள் சாம்பலாயின. முஸ்லிம் வணிகருக்கு அதே துன்பம் 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும், 2019இல் மினுவாங்கொடையிலும் நேர்ந்தது. இந்நாட்டிற் கடை வைத்திருக்கும் சிறுபான்மையோன், கள்வனுக்கு அஞ்சும் பொழுதே காவலனையும் முழுதும் நம்பமாட்டாதவனாய் இருக்கின்றான். அவன் கையில் ஒரு தடியை எடுத்தான் எனின், அத்தடிக்கு வரலாறு உண்டு.

ஆயினும் தடிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனையும் நாம் அறிதல் வேண்டும்.

மதுரைக்காஞ்சியிலே மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடி, நள்ளிரவிலே ஊர்காப்பாளர் உலவுதலையும் பாடுகின்றார். மழை பொழிந்து தெருவிலே நீர் பெருகும் யாமத்திலும் அவர் சோர்வதில்லை. கள்வரின் மறைவுத் தொழில்களை நூல்வழி அறிந்தவர் அவர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே பாடிகாவல் என்பது ஒரு வரியின் பெயராகவும் வருகின்றது. காவலுக்கு விலை ஏற்பட்டுவிட்டது என்க. பிற்காலத்தே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலே காவற்காரர் ஊராரிடம் ஆண்டுதோறும் நெல்லோ பணமோ பெற்றனர். களவு போனால் பொருளை மீட்டுத் தருதலும், மீட்க இயலாவிடிற் பெறுமதியைக் கொடுத்தலும் அவர் கடன். நல்ல ஏற்பாடு என்றே தோன்றும். நாளடைவில் நிகழ்ந்தது யாது? காவற்கூலி கொடாதவனுடைய மாடுதான் காணாமற் போயிற்று. அவனுடைய வைக்கோற் போர்தான் தீப்பற்றியது. மாடு எங்கே நிற்கின்றது என்பதைச் சொல்வதற்குத் துப்புக்கூலி என்று தனியே ஒரு கூலியும் பிறந்தது. 1896ஆம் ஆண்டளவில் மதுரைச் சீமைக் குடியானவர் பலர் தமக்குள் 'பண்டு' என்று நிதி திரட்டிக் காவற்காரரை எதிர்த்து எழுந்தனர். கலகமும் தீயும் விளைந்தன.

அதன் பின் ஆங்கில அரசு செய்தது இன்னும் கொடிது. முறையிலே இருந்த பிழையைப் பிறப்பிலே ஏற்றிக் குற்றப்பரம்பரைச் சட்டத்தினால் முழுச் சாதிகளையும் கைநாட்டுப் பதிவுக்கும் இரவுக் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தியது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் பலர் 1920 ஏப்ரல் மூன்றாந் திகதி துப்பாக்கிக்கு இரையாயினர். காவற்காரன் பிறப்பினாற் கெட்டவன் அல்லன். காப்பவனே சந்தா வாங்குபவனும் சந்தேகிப்பவனும் தண்டிப்பவனும் ஆகும்போது, அவனைக் கேட்பார் யாரும் இல்லாதொழிகின்றனர். எங்கள் கடைத்தெருவிலே சந்தா கொடாத இரு கடைகளின் முன்னே காவல் இளைஞர் நிற்பதில்லை என்று ஒரு பேச்சு இருக்கின்றது. இன்றைக்கு அது பேச்சு மட்டுமே. மதுரைச் சீமையிலும் தொடக்கம் இப்படித்தான் இருந்திருக்கும்.

வணிகர் தாமே பொருள் கொடுத்து அமைத்த காவல் ஒன்று நன்முறையிலே பொதுக்காவலாய் மாறியதற்கும் சான்று உண்டு. அதனைக் காண இலண்டன் மாநகரத்துத் தேம்ஸ் ஆற்றங்கரைக்குச் செல்லல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனியும் றம்மும் கோப்பியும் ஏற்றிவந்த கப்பல்கள் அவ்வாற்றிலே நெருங்கிக் கிடந்தன. பண்டங்கள் இரவு பகலாய்க் கரைந்தன. கப்பலோட்டியும் சமாதான நீதவானுமாய் இருந்த ஜோன் ஹரியற்றும், முன்னர்க் கிளாஸ்கோ வணிகராயிருந்து பின்னர் இலண்டன் நீதவானான பற்றிக் கொல்கூனும் கூடி, மேற்கிந்திய வணிகர் தந்த 4,200 பவுணைக் கொண்டு 1798ஆம் ஆண்டு யூலை இரண்டாந் திகதி உவாப்பிங் துறையிலே ஆற்றுக்காவலைத் தொடங்கினர். ஐம்பதின்மர் அளவினரே காவலர். ஆற்றுத்தொழில் செய்வோர் 33,000 பேர் என்றும் அவருள் 11,000 பேர் குற்றவாளிகள் என்றும் கொல்கூன் கணக்கிட்டார். மூவரில் ஒருவன் கள்ளன் என்பது அக்கணக்கு.

இக்கணக்கை வாசிக்கும்பொழுது சற்றே நிற்றல் வேண்டும். நிலக்கரி சுமப்போன் வேலை முடிந்து செல்கையிலே சிறிது கரியை எடுத்துச் செல்லுதல் நெடுங்கால வழக்கம். கப்பலின் அடித்தளத்திலே சிந்திய சீனி கூலியாளுக்கு உரியது என்பதும் அத்தகையதே. அதனையும் கூலியின் ஒரு பகுதி என்றே அவர் கருதினர். ஆற்றுக்காவல் வந்த அன்று, நேற்றுவரை கூலியாயிருந்தது களவாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இரண்டாயிரம் பேர் வரை திரண்டு உவாப்பிங் காவல் நிலையத்தைத் தாக்கினர். ஆற்றுக்காவலைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார்.

எங்கள் சந்தையிலே விடியற்காலத்தில் லொறிகளிலிருந்து வெங்காயமும் மிளகாயும் இறக்கும்பொழுது நிலத்திற் சிந்துவனவற்றை மடியிலே பொறுக்கும் பெண்கள் சிலர் உளர். அவரைக் கண்டிராத வியாபாரி எவருமிலர். இற்றைவரை எவரும் தடுத்தாரும் இலர். கமராவிலே பார்க்கும்பொழுது அவருடைய குனிதல் வேறொன்றாய்த் தெரியும். "மடியில் எதையோ ஒளிக்கின்றாள்" என்று படத்தைப் பார்த்தவர் சொல்லுவர். கமராவுக்கு வழக்கம் தெரியாது. சந்தையின் ஈகையும் தெரியாது.

எனினும் தேம்ஸ் காவலிலிருந்து கொள்ளத்தக்கது பெரிது. ஹரியற்றும் கொல்கூனும் கப்பலில் இறக்குகூலி செய்வோருக்குத் திட்டமான கூலி கிடைக்கவும் வழிசெய்தனர், கண்காணித்ததோடு நிற்கவில்லை. காவலருடைய கூலியும் திட்டமானது. பிடித்துக் கொடுத்தவனுக்கு இத்துணை என்னும் பழைய பேரம் நீங்கியது. 1800ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் சட்டம் இயற்றி அக்காவலைப் பொதுக்காவலாக்கிற்று. வணிகரின் பணத்தில் ஈராண்டு நடந்தது பின்பு வணிகரின் கையில் இல்லை. இலண்டனுக்கு முழுமையான பொலிஸ் படை 1829இல் வந்தது; அதற்கு ஆற்றங்கரையே முன்னோடி.

தனியார் கையிலேயே காவலை விட்டுவைத்தால் வருவது யாது என்பதற்கு நமது காலத்து உதாரணம் நியூயோர்க்கில் இருக்கின்றது. அங்கே பெரிய புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த வணிகப் பகுதியின் சொந்தக்காரர் தமக்குள் வரி இறுத்துத் தெருவைத் துடைக்கவும் காக்கவும் ஓர் அமைப்பை நடத்தினர். கிராண்ட் சென்றல் கூட்டமைப்பு என்பது அதன் பெயர். தெருக்கள் தூயனவாயின, பலரும் புகழ்ந்தனர். 1995இலே, அந்த அமைப்பினால் வேலைக்கு அமர்த்தப்பட்ட வீடற்றோர் சிலர், வங்கி வாயில்களிலே படுத்துறங்கும் வேறு வீடற்றோரை அடித்துத் துரத்துமாறு தாம் ஏவப்பட்டதாகச் சொன்னார்கள். மத்திய அரசின் வீடமைப்புத் திணைக்களம் விசாரித்துத் தன் கொடையை மீட்டுக்கொண்டது. அவ்வேலையாட்களுக்கு மணிக்கு ஒரு டொலர் அளவே கொடுக்கப்பட்டதெனவும் குறைந்தபட்சக் கூலி அவருக்கு உரியதெனவும் 1998இலே நீதிபதி சோனியா சொற்றோமயோர் தீர்ப்பளித்தார். ஏழையை ஏழை அடிக்க, கூலி கொடுத்தவன் கடைக்குள்ளே இருக்கின்றான்.

அதே நகரத்தின் வேறொரு தெருவைப் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961இல் வெளியிட்ட நூலிலே எழுதியிருக்கின்றார். தெருவுக்குக் கண்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைக்காரரும் குடியிருப்போரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்போருமே அக்கண்கள். ஒருநாள் அவர் தம் சன்னலிலிருந்து நோக்கியபோது, எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் ஆடவன் தன்னுடன் வருமாறு வற்புறுத்த அவள் மறுத்து நிற்பதைக் கண்டார். ஆபத்தோ என்று ஐயுற்றார். தாம் இறங்குமுன்னரே இறைச்சிக் கடையிலிருந்து பெண்ணொருத்தி வெளியே வந்து நின்றாள். பழக்கடைக்காரரும் சலவைக் கடைக்காரரும் பூட்டுத் திருத்துபவரும் வாயிலுக்கு வந்தனர். எவரும் கைவைக்கவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றனர். அந்த ஆடவன் சிறுமியின் தந்தை!

எங்கள் தெருவிலும் அன்று இதுவே நிகழ்ந்திருக்கலாம். கடைக்காரர் நால்வர் வாயிலுக்கு வந்து நின்று, அம்மாணவன் அந்த ஒரு சொல்லை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாற் போதுமாயிருந்தது. உண்மையான கள்வனாயின் நால்வர் பார்க்கத் தட்டிக்கொண்டிருப்பானா?

திருக்குறளிலே ஒற்றாடல் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம். அதற்கு நேர்முன்னே நிற்பது கண்ணோட்டம். அதற்கும் முன்னே நிற்பது வெருவந்த செய்யாமை. கண்ணை ஓடவிடுதல் என்று பொருள்படத்தக்க சொல்லே நமது மொழியில் இரக்கத்துக்குப் பெயராய் நிற்பது, வகுப்பிலே யான் பலமுறை சொல்லிச் சலித்த செய்தி. இந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் அதனை அவ்வளவு எளிதாகச் சொல்ல இயலவில்லை.

சட்டமும் இதில் மயக்கமின்றி இருக்கின்றது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தன் கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்பவனையும், அத்தகைய குற்றம் செய்து ஓடுகின்றான் என்று நியாயமாய் ஐயுறத் தக்கவனையும் தனியாள் ஒருவர் பிடிக்கலாம் என்கின்றது. பிடித்தவனை வீண் தாமதமின்றிச் சமாதான உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்றும் அதே மூச்சிற் சொல்லுகின்றது. கட்டிவைத்தற்கும் அறைதற்கும் படமெடுத்துப் பரப்புதற்கும் அப்பிரிவில் இடமில்லை. செயற்குழுவிலே இதனை வாசித்தார் எவருமில்லை என்பதைக் கூட்டத்தின் முடிவிலே விசாரித்து அறிந்தேன்.

உரை முடிந்து தீர்மானம் வாக்குக்கு வரும்முன், தலைவன் என்ற முறையிற் சில வார்த்தை மட்டும் சொன்னேன். காவற்குழு வைத்திருக்கும் குறிப்பேடு தமிழில் இருத்தல் வேண்டும். யாரை, எந்நேரத்தில், எதன்பொருட்டு நிறுத்தினர் என்பது அதில் எழுதப்படல் வேண்டும். நிறுத்தப்பட்டவனும் அதனை வாசித்துக் கையொப்பமிடல் வேண்டும். பொலிஸ் நிலையத்திலே நமக்குக் கிடைக்காத மரியாதையை நாமாவது ஒருவனுக்குக் கொடுக்கலாமன்றோ? நடைபாதையில் இருப்போரை அகற்றுவதற்கு முன்னர் அவருள் இருவரைக் குழுவிற் சேர்த்தல் நன்று என்றும் சொன்னேன். கடைக்காரர் ஒன்பது மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டிவிடுவர். விடியற்காலந்தொட்டு இருளும்வரை தெருவிலே இருந்து, எந்தச் சைக்கிள் யாருடையது என்று அறிந்திருப்போர் அவரே. அவரை எழுப்பிவிட்டு அவ்விடத்திலே பதின்மூன்றாவது கமராவைப் பூட்டுதல், கண்ணைப் பிடுங்கிக் கண்ணாடி வாங்குதல் போலாகும்.

"ஆச்சி சந்தா கட்டுவாவோ மாஸ்ரர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். சிரிப்பெழுந்தது. யானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மூத்த வியாபாரி ஒருவர் மட்டும் சிரியாது எழுந்து, "அவ கட்டிறதைத்தான் அண்டைக்குக் கட்டிப்போட்டாவே" என்றார். அதன்பின் அவையிலே சிறிது நேரம் பேச்சில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மாணவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். இப்பொழுது திறப்பு வேண்டாத எண்பூட்டு ஒன்றைத் தகப்பனார் வாங்கிக் கொடுத்திருக்கின்றார். சைக்கிளை இன்றும் ஆச்சியின் கடையருகேதான் விடுகின்றான். மின்கம்பத்துப் படம் இன்னும் சிலருடைய கைத்தொலைபேசிகளிலே இருக்கின்றது என்று கேள்வி. அதனை அழித்தலை அடுத்த கூட்டத்தின் முதல் விடயமாக வைக்குமாறு செயலாளருக்கு எழுதியிருக்கின்றேன். மறுமொழி இன்னும் வரவில்லை.